திருச்சி–சிங்கப்பூர் விமானத்தில் புகைத் தடை: விதிக்கு முழு மதிப்பெண், சொல்லும் முறைக்குப் பாதி

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு இரவில் புறப்படும் குறைந்த கட்டண விமானச் சேவை ஒன்றைப் பற்றிய மதிப்புரை இது. இருக்கையின் நெருக்கம், சாப்பாட்டின் விலை, பெட்டியின் எடை ஆகியவற்றைப் பற்றி ஏற்கெனவே பலர் எழுதிவிட்டதால், அவற்றை விட்டுவிட்டு, யாரும் அதிகம் பேசாத ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: புகைபிடிக்கக் கூடாது என்ற விதியை அந்த நிறுவனம் பயணிகளுக்கு எப்படிச் சொல்கிறது, யாரிடம் எப்படி நடைமுறைப்படுத்துகிறது என்பதை. நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. என் நோக்கம் அதன் வியாபாரத்தைக் கெடுப்பது அன்று. தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களிலிருந்து முதன்முறையாக விமானம் ஏறப்போகும் ஒருவருக்கும் அவரை அனுப்பிவைக்கும் குடும்பத்துக்கும் இது பயன்பட்டால் போதும்.

நான் புகைப்பதில்லை. உடன் வந்த என் தாய்மாமா, மன்னார்குடிப் பக்கத்து விவசாயி, அறுபதைக் கடந்த பிறகும் பீடியை விடாதவர். மகளின் பிரசவத்துக்காக முதன்முறையாகக் கடல் தாண்டிப் போனார். அவருடைய அப்பா, நாகப்பட்டினத்தில் ‘ரஜுலா’ கப்பல் ஏறிப் பினாங்கு போன தலைமுறையைச் சேர்ந்தவர். மேல்தளத்தில் காற்றாட உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டே கடலைக் கடந்த கதை அந்த வீட்டில் இன்னும் ஓடுகிறது. ஆகவே, பயணம் என்றால் புகையும் சேர்ந்தே வரும் என்று வளர்ந்த ஒருவரை, புகையே இல்லாத பயணத்துக்குத் தயார் செய்யும் பொறுப்பில் எவ்வளவை நிறுவனம் ஏற்றுக்கொள்கிறது என்பதை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பயணச்சீட்டை விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. வானில் பறக்கும் நேரம் ஏறத்தாழ நான்கு மணி நேரம்தான். ஆனால் வெளிநாட்டு விமானம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாகவே முனையத்துக்குள் நுழைந்துவிட வேண்டும். இறங்கிய பின் குடிநுழைவு வரிசை, பெட்டி வரும் வரை காத்திருப்பு, சுங்கச் சோதனை எல்லாம் முடிய இன்னும் ஒரு மணி நேரம் போகும். கூட்டிப் பார்த்தால் எட்டு மணி நேரம். அரை மணிக்கு ஒரு பீடி என்று பழகிய உடம்புக்கு இது ஒரு சோதனை. அதுவும் நள்ளிரவில், பழக்கமில்லாத இடத்தில், பதற்றத்தோடு. பயணச்சீட்டோடு வந்த மின்னஞ்சலில் பெட்டியின் எடை மூன்று இடங்களில் தடித்த எழுத்தில் இருந்தது. புகை பற்றிய செய்தியோ, ஆங்கிலத்தில் பல பக்கங்கள் நீளும் நிபந்தனைகளுக்குள் ஒரு துணைப்பிரிவாகப் புதைந்து கிடந்தது. சீட்டுப் போட்டுக்கொடுத்த மன்னார்குடி டிராவல்ஸ்காரர், ஊறுகாய் பாட்டிலை எப்படிக் கட்ட வேண்டும், நெய்யை எந்தப் பெட்டியில் வைக்க வேண்டும் என்றெல்லாம் பொறுமையாக விளக்கினார். தீப்பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நம் பகுதியில் விமான நிறுவனத்தின் முகம் என்பது இந்த டிராவல்ஸ் கடைகள்தான் என்பதால், அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்காத குறை நிறுவனத்தையே சேரும்.

விளைவு திருச்சியில் தெரிந்தது. 2024இல் திறக்கப்பட்ட புதிய முனையம் கோபுரமும் கோலமுமாகக் கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் பாதுகாப்புச் சோதனையில் மாமாவின் வேட்டி மடிப்பிலிருந்து தீப்பெட்டி வெளியே வந்தபோது, அதை எடுத்த வீரருக்குத் தமிழ் தெரியவில்லை, மாமாவுக்கு இந்தி தெரியவில்லை. தீப்பெட்டியையும் லைட்டரையும் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, சரக்குப் பெட்டியிலும் வைக்க முடியாது என்பது இந்திய விமான நிலையங்களின் விதி. பக்கத்தில் இருந்த தட்டில் ஏற்கெனவே லைட்டர்களும் தீப்பெட்டிகளும் குவிந்திருந்தன; ஒன்றிரண்டு பித்தளை லைட்டர்கள் பரிசாக வந்தவை போலப் பளபளத்தன. ஒரு காலத்தில் உறையூரில் சுற்றிய சுருட்டு ‘திருச்சினாப்பள்ளிச் சுருட்டு’ என்ற பெயரில் கப்பலேறி இங்கிலாந்து வரை போயிற்று. அதே ஊரில் ஒரு தீக்குச்சி கூட வாசலைத் தாண்டாது என்பது எனக்குச் சிரிப்பைத்தான் தந்தது. ஆயினும், வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்தத் தட்டில் பாதி காலியாகவே இருந்திருக்கும்.

விமானத்துக்குள் வந்தபின் அறிவிப்பு. ஆங்கிலத்தில் விரிவாகவே சொன்னார்கள்: இருக்கையிலும் கழிவறையிலும் புகைக்கக் கூடாது, மின் சிகரெட்டுக்கும் இது பொருந்தும், கழிவறையில் உள்ள புகையுணர் கருவியைத் தொடுவதும் மூடுவதும் குற்றம், மீறினால் சட்ட நடவடிக்கை உண்டு. தமிழில் பதிவு செய்து வைத்திருந்த அறிவிப்பிலோ, விமானம் முழுவதும் புகைபிடிக்கத் தடை என்ற ஒரே வரி. மின் சிகரெட் இல்லை, கருவி இல்லை, தண்டனை இல்லை. விமானத்தில் முக்கால்வாசிப் பேர் தமிழ் பேசுகிறவர்கள் என்பதை அங்கு நடந்த உரையாடல்களைக் கேட்டே சொல்லிவிடலாம். தெரியாமல் தவறு செய்யக்கூடியவர் யாரோ அவருடைய மொழியில்தான் அறிவிப்பு விரிவாக இருந்திருக்க வேண்டும். இங்கே நிலைமை தலைகீழாக இருந்தது.

இதற்கு நேர்மாறாக, இந்தப் பயணத்தில் நான் கண்ட மிகச் சிறந்த சேவையும் புகையைப் பற்றியதுதான். கழிவறைக்குப் போய்விட்டு வந்த மாமா, அங்கே நின்றிருந்த பணியாளரிடம் நேராகவே கேட்டார்: “ஏன் தம்பி, பிடிக்கக் கூடாதுன்னு படம் ஒட்டியிருக்கீங்க, அதுக்குக் கீழேயே சாம்பல் தட்டையும் வச்சிருக்கீங்களே, இது என்ன கணக்கு?” கேள்வி நியாயமானதுதான். கதவில், சிகரெட்டின் மேல் கோடு போட்ட படத்துக்கு அடியில், உள்ளங்கை அகலத்தில் இழுத்துத் திறக்கும் உலோகத் தட்டு ஒன்று இருந்தது. அந்த இளைஞர் குரலைத் தாழ்த்தி, “ஐயா, அது பிடிக்கிறதுக்கு இல்லீங்க. யாராவது பேச்சைக் கேக்காம பத்த வச்சிட்டு, மாட்டிக்குவோமேன்னு பயந்து குப்பைத் தொட்டியில போட்டுட்டா, அதுல இருக்குறது பூராக் காகிதம். அணைக்கிறதுக்கு ஒரு இடம் வேணும்ல, அதுக்குத்தான்” என்றார். பிறகு கதவைத் திறந்து, கைதுடைத்த காகிதத்தைப் போடும் தொட்டியின் மூடி விசையால் தானாகவே இறுக மூடிக்கொள்வதைத் தள்ளிக் காட்டினார். கூரையில் உள்ள புகையுணர் கருவியையும் காட்டி, தொட்டிக்குள் வெப்பம் ஏறினால் தானாகத் திறந்து கொட்டும் சிறு தீயணைப்பான் ஒன்று உள்ளே இருக்கிறது என்பதையும் சொன்னார். மாமா தலையை ஆட்டிவிட்டு, “இதை ஏறும்போதே சொல்லியிருந்தா ஒழுங்கா புரிஞ்சிருக்கும்ல” என்றார். இந்த மதிப்புரையில் நான் சொல்ல வந்ததும் ஏறத்தாழ அதுவேதான்.

அந்த இளைஞர் சொன்னதன் பின்னால் கனமான வரலாறு இருக்கிறது. 1973 ஜூலை 11 அன்று, ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிசுக்குப் போன வாரிக் நிறுவனத்தின் போயிங் 707 விமானத்தின் பின்புறக் கழிவறையில் தீப்பிடித்தது. ஓர்லி விமான நிலையத்தை எட்டச் சில கிலோமீட்டர்களே இருந்த நிலையில், விமானிகள் அதை ஒரு வயலில் இறக்கினார்கள். இறக்கியும், உள்ளே இருந்த 134 பேரில் 123 பேர் இறந்துபோனார்கள், பெரும்பாலும் நெருப்பால் அல்ல, புகையால். கழிவறைக் குப்பைத் தொட்டியில் போடப்பட்ட, சரியாக அணையாத சிகரெட்டே காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. அதன் பிறகுதான் கழிவறைகளில் புகைக்கக் கூடாது என்ற பலகையும் கதவருகே சாம்பல் தட்டும் கட்டாயமாயின. 1983 ஜூன் 2 அன்று ஏர் கனடாவின் விமானம் ஒன்றில் மீண்டும் கழிவறைப் பகுதியில் தீ மூண்டது. சின்சினாட்டியில் தரையிறங்கிக் கதவுகளைத் திறந்ததும் புதுக் காற்று பாய்ந்து, ஒன்றரை நிமிடத்துக்குள் உள்பகுதி முழுவதும் பற்றிக்கொண்டது. 46 பேரில் 23 பேர் வெளியே வரவில்லை. அந்தத் தீயின் மூல காரணம் கடைசி வரை நிறுவப்படவில்லை. என்றாலும் கழிவறைப் புகையுணர் கருவியும், தொட்டிக்குள் தானியங்கித் தீயணைப்பானும், இருட்டிலும் புகையிலும் வழி காட்டும் தரைவிளக்கும் அதன் பின்னர்தான் விதிகளுக்குள் வந்தன. சாம்பல் தட்டு உடைந்தாலோ காணாமல் போனாலோ குறித்த நாட்களுக்குள் மாற்றியாக வேண்டும் என்கிற அளவுக்கு அது இன்றும் பாதுகாப்புச் சாதனமாகவே மதிக்கப்படுகிறது. இவ்வளவையும் அரை நிமிடத்தில் ஒரு முதியவருக்குப் புரிகிற விதத்தில் சொல்லத் தெரிந்த பணியாளரை அந்த நிறுவனம் வேலையில் வைத்திருக்கிறது. அவரைக் கொண்டே தமிழ் அறிவிப்பை எழுதச் சொல்லலாம் என்பது என் யோசனை.

மற்றொரு பணியாளரிடம் கண்டது வேறு. கழிவறை வரிசையில் நின்ற கட்டுமானத் தொழிலாளி ஒருவர், பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பேச்சுவழக்கு, வெறும் பீடியை உதட்டில் வைத்துக்கொண்டு நின்றார். பற்ற வைக்கவில்லை, பற்ற வைக்கத் தீயும் இல்லை, அது திருச்சித் தட்டிலேயே போய்விட்டது. வாய்க்கு ஒரு பழக்கம், அவ்வளவுதான். அதைப் பார்த்த அந்தப் பணியாளர், நாலு வரிசை கேட்கும்படியாக ஆங்கிலத்தில் அதட்டி, போலீஸ், ஜெயில் என்ற சொற்களை அடுக்கி, இது உங்கள் ஊர்ப் பேருந்து நிலையம் இல்லை என்பதையும் சேர்த்துக்கொண்டார். தொழிலாளி பீடியைக் கையில் மறைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். கழிவறைக்குக் கூடப் போகவில்லை. விதியை நினைவூட்டியதை நான் குறை சொல்லவில்லை. பற்ற வைக்காவிட்டாலும் பீடியை உள்ளே வைக்கச் சொல்வது பணியாளரின் கடமைதான். ஆனால் அதே பயணத்தில், கால் நீட்ட இடம் விட்டுக் கூடுதல் கட்டணம் வாங்கும் முன்வரிசையில், ஒருவர் மின் சிகரெட்டை எடுத்து விரல்களுக்கு இடையே சுழற்றிக்கொண்டிருந்தார். பேனா போன்ற அந்தக் கருவியில் மின்கலமும் உண்டு, ஒரு பொத்தானை அழுத்தினால் புகையும் உண்டு. பீடியைவிட அது ஆபத்தில் குறைந்தது அன்று. அவரிடம் அதே பணியாளர் குனிந்து, “சார், ப்ளீஸ்” என்று சொன்னதோடு சரி. ஒரே விதிக்கு இரண்டு குரல்கள் என்பதை மாமா உட்பட எங்கள் வரிசையில் இருந்த எல்லோரும் கவனித்தார்கள்.

பணியாளர்களின் கோபத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. விமானத்தில் புகைப்போர் வரிசை என்று பின்பக்கத்தில் தனியாக ஒதுக்கி வைத்திருந்த காலம் அவ்வளவு பழையதில்லை. கைப்பிடியிலேயே சாம்பல் கிண்ணம் பொருத்திய இருக்கைகளை எண்பதுகளில் பறந்த நம் ஊர்ப் பெரியவர்கள் நினைவு வைத்திருக்கிறார்கள். குளத்தின் ஒரு மூலையில் மட்டும் சாயம் கரைப்பது போன்ற ஏற்பாடு அது. காற்று வரிசை பார்த்து நிற்பதில்லை. அந்தக் காற்றை நாள்தோறும் சுவாசித்தவர்கள் பணிப்பெண்களும் பணியாளர்களும்தான். அமெரிக்காவில் அவர்கள் புகையிலை நிறுவனங்கள்மீது தொடுத்த வழக்கு, 1997இல் 30 கோடி டாலர் ஆய்வு நிதி என்ற சமரசத்தில் முடிந்தது. தடையும் ஒரே நாளில் வந்துவிடவில்லை: அமெரிக்க உள்நாட்டுப் பயணங்களில் 1988இல் இரண்டு மணி நேரத்துக்கு உட்பட்டவற்றுக்கும், 1990இல் ஆறு மணி நேரத்துக்கு உட்பட்டவற்றுக்கும் வந்தது. சர்வதேச விமானங்கள் அனைத்தையும் 1996 ஜூலைக்குள் புகையற்றவையாக்க வேண்டும் என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1992இல் தீர்மானம் போட்டது. அதற்கு முந்தைய மனப்போக்கு எப்படி இருந்தது என்றால், ஹைட்ரஜன் நிரப்பிய ‘ஹிண்டன்பர்க்’ ஆகாயக் கப்பலிலேயே 1936இல் இரட்டைக் கதவு போட்ட புகையறை ஒன்று இருந்தது, உள்ளே ஒரேயொரு மின் லைட்டரோடு. இத்தனை போராட்டத்துக்குப் பின் கிடைத்த விதியைக் காப்பவர்கள் கறாராக இருப்பதில் தவறில்லை. கறாரை எல்லோரிடமும் ஒரே அளவில் காட்டுங்கள் என்பதுதான் நான் கேட்பது.

மீறினால் என்ன ஆகும் என்பதையும் நம் மக்களுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். பேருந்து நிலையத்தில் புகைத்தால் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் 200 ரூபாய் வரைதான். கொடுத்துவிட்டு நடந்துவிடலாம் என்ற எண்ணம் அதனால் பழகிப்போயிருக்கிறது. விமானத்துக்குள் அப்படியில்லை. தலைமை விமானியிடம் புகார் போகும், இறங்கும் இடத்தில் காவலர்கள் காத்திருப்பார்கள், வழக்கு வரும். இந்தியாவில் 2017 முதல் ஒழுங்கு மீறும் பயணிகளைச் சில மாதங்கள் முதல் இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் விமானம் ஏறவிடாமல் நிறுத்தி வைக்கும் விதியும் இருக்கிறது. கடன் வாங்கிச் சீட்டுப் போட்டு வேலைக்குப் போகிற ஒருவருக்கு, ஒரு பீடிக்காக இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சிங்கப்பூரைப் பற்றிய எச்சரிக்கை நிறுவனத்திடமிருந்து வரவே இல்லை. அங்கே சிகரெட்டுக்குத் தீர்வைச் சலுகை கிடையாது. கொண்டுபோகும் ஒவ்வொன்றையும் சுங்கச் சோதனையில், வரி கட்ட வேண்டிய பொருள் வைத்திருப்பவர்களுக்கான சிவப்பு வழியில் காட்டி வரி கட்ட வேண்டும். மின் சிகரெட்டை வைத்திருப்பதே குற்றம். வாயில் போட்டு மெல்லும் புகையிலைக்கும் தடை. வெற்றிலையோடு வேதாரண்யம் புகையிலையும் சேர்த்துப் பழகிய நம் ஊர்ப் பாட்டிமார்கள் இடுப்புப் பையைக் கவனிக்க வேண்டும். நிகோடின் சூயிங்கம் கொண்டுபோகலாம் என்று யாரேனும் ஆலோசனை சொன்னால், சூயிங்கத்துக்கே அங்கே கட்டுப்பாடு உண்டு என்பதை நினைவில் வையுங்கள். மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு, தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோடின் பட்டை ஒத்துவருமா என்று பார்ப்பது பெரியவர்களுக்கு நல்லது. மாமாவுக்கு அப்படித்தான் செய்தோம். முனையத்துக்குள் நுழையும் முன் வெளியே கடைசிப் பீடி, உள்ளே வந்ததும் பட்டை, கையில் சீரகமிட்டாய்ப் பொட்டலம். எரிச்சல் இருந்தது, எட்டு மணி நேரமும் போயிற்று.

ஊர் திரும்பியதும் நிறுவனத்துக்கு எழுதினேன். தமிழ் அறிவிப்பில் விடுபட்டவை, தீப்பெட்டி பற்றிய குறுஞ்செய்தியின் தேவை, பணியாளர் இருவரின் நடத்தையில் இருந்த வேறுபாடு ஆகிய மூன்றையும் தேதியோடும் இருக்கை எண்ணோடும் குறிப்பிட்டேன். முதலில் வந்தது இயந்திரத்தனமான நன்றிக் கடிதம். பிறகு ஒருவர் தொலைபேசியில் பேசினார். பணியாளர் நடத்தையைக் குறித்துக்கொள்வதாகவும், தமிழ் அறிவிப்பு தலைமை அலுவலகத்தில் தயாராவது என்பதால் தம் கையில் இல்லை என்றும் சொன்னார். சாம்பல் தட்டை விளக்கிய இளைஞரைப் பாராட்டி எழுதியிருந்ததை அவர் வாசிக்கவே இல்லை என்பது பேச்சில் தெரிந்தது. மறுபடி சொன்னேன், குறித்துக்கொண்டார்.

இவ்வளவுக்குப் பிறகும், முதியவர்களை அனுப்ப இந்தச் சேவையையே பரிந்துரைப்பேன். நேரம் தவறவில்லை, கழிவறையைப் பணியாளர்கள் இடைவெளி விட்டுத் திறந்து தொட்டியைப் பார்த்துவிட்டுப் போவதைக் கண்ணால் பார்த்தேன், நான்கு மணி நேரமும் உள்ளே புகை வாடை என்பதே இல்லை. மாமாவின் திரும்பும் சீட்டையும் அதே நிறுவனத்தில்தான் போட்டிருக்கிறோம். மன்னார்குடி டிராவல்ஸ்காரர் இப்போது பயண விவரத்தாளின் அடியில், எடை விவரத்துக்குக் கீழே, “தீப்பெட்டி, லைட்டர், மின் சிகரெட் எதையும் எடுத்து வர வேண்டாம்” என்று தமிழில் அச்சடித்துக் கொடுக்கிறார்.